ஒரு சொட்டுப் பச்சை

உங்க அறைக்கு இந்தப் பச்சையை யார் தேர்ந்தெடுத்தாங்க டாக்டர்? தப்பா எடுத்துக்காதீங்க, நல்ல பச்சைதான். ஆனா கொஞ்சம் கத்துது. வந்து உட்கார்ந்ததுல இருந்து இந்தச் சுவரைத் தவிர வேற எதையும் என்னால பார்க்க முடியல. இவ்வளவு பெரிய ஜன்னல் இருக்கு, கீழே தெருவே தெரியுது, அதுகூட இப்பத்தான் கண்ணுல படுது. பெயின்ட் அடிக்க வந்தவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வாளிக்கு ஒரு கரண்டி சிவப்பு விட்டுக் கலக்கியிருப்பார். சிவப்பு விட்டா பச்சை சிவந்துடும்னு நினைக்காதீங்க. அடங்கும். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி பின்னால போய் நிக்கும்.

நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. "உங்க தங்கச்சியோட பெயின்ட் ட்யூபையெல்லாம் அவங்களைத் தவிர வேற யார் தொடுவாங்க?" நான்தான் டாக்டர். வேற யார் இருக்கா அந்த வீட்டுல? அதுக்கு ஏன் இவ்வளவு தயங்கிக் கேட்கணும். பொட்டலத்தைப் பிரிச்சு அந்த மரச்சில்லை என் முன்னாடி வெச்சீங்க பாருங்க, அப்பவே எனக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு. நகத்தளவு சிவப்பு. அதுவும் எப்பேர்ப்பட்ட சிவப்பு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற ஆள் நான் இல்ல. பொறுமையாச் சொல்றேன், நீங்களும் பொறுமையாக் கேளுங்க. அவ வெளியில நாற்காலியில கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நீங்க விட்ட சொட்டு மருந்து இறங்க எப்படியும் மூணு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் என் கையைப் பிடிக்காம அவளால இந்த மாடிப்படி இறங்க முடியாது. நமக்கு நேரம் இருக்கு.

வீட்டுல அவ பேரு கிளி. பொறந்த அன்னைக்குக் கத்தின கத்துக்கு அப்பா வெச்ச பேரு, அதுவே நிலைச்சுப் போச்சு. அவளைவிட நான் ஏழு வயசு மூத்தவ. அம்மா அப்பா காலத்துக்கு அப்புறம் நாங்க ரெண்டே பேர்தான். முன்னறையில அவ படம் வரைவா, பின்னறையில நான் சாயம் கலப்பேன். யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிச்ச வேலை இல்ல, தானா அமைஞ்சுது. நாங்க சாயத்தை டப்பாவுல வாங்குற ஆளுங்க. ஞாயித்துக்கிழமை காலையில காலி ட்யூபோட வால் பக்கத்தைப் பிரிச்சு, தட்டைக் கத்தியால சாயத்தை உள்ளே தள்ளி, வாலை மடிச்சு இடுக்கியால அழுத்தி வைப்பேன். ரொப்பின சாயத்தை விரல்ல தொட்டு, அலமாரிக் கதவோட உள்பக்கம் ஒரு பொட்டு வெச்சு, பக்கத்துல தேதி எழுதுவேன். போன டப்பாவும் இந்த டப்பாவும் ஒரே மாதிரி இருக்கான்னு பார்க்கணுமே, அதுக்கு. பதினாலு வருஷத்துப் பொட்டு அந்தக் கதவுல இருக்கு. கிளி ஒரு நாளும் ட்யூப் ரொப்பினதில்ல. "அக்கா, சிவப்பு தீர்ந்துடுச்சு"ன்னு அங்கிருந்தே ஒரு குரல் வரும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

அவ படத்தை நீங்க பார்த்ததில்லைல்ல? பார்த்திருந்தா இந்தச் சுவரையே நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஒரு கடைத்தெரு வரைஞ்சான்னா குடை ஒரு பக்கம் கத்தும், துணி ஒரு பக்கம் கத்தும், நடுவுல ஒரு தக்காளிக் கூடை தொண்டை கிழியக் கத்தும். நான் சொல்லிப் பார்த்தேன். பத்துப் பேர் இருக்கிற இடத்துல பத்துப் பேரும் கத்தினா யார் பேச்சு கேட்கும்? ஒன்பது பேர் அடக்கிப் பேசினாத்தான் பத்தாவது ஆள் பாட முடியும். நிறமும் அப்படித்தான். அடக்குறதுக்குக் கத்துக்குட்டிங்க கறுப்பை விடுவாங்க. கறுப்பு விட்டா நிறம் செத்துப்போகும். நான் இதுவரைக்கும் கறுப்பைத் தொட்டதே இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். சிவப்பை அடக்கணும்னா ஒரு சொட்டுப் பச்சை. நீலத்துக்கு ஆரஞ்சு. மஞ்சளுக்கு ஊதா. எதுக்கு எது எதிரியோ அதுல ஒரு சொட்டு. சாகாது, பேச்சு மட்டும் குறையும்.

"இவ்வளவு அழகா சொல்றியே, நீயே வரையேன் அக்கா"ன்னா ஒரு தடவை. குத்திக்காட்டணும்னு சொல்லல, அவளுக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது. நான் வரைஞ்சிருக்கேன் டாக்டர், ஒரே ஒரு படம், படிக்கிற காலத்துல. ஒரு கூடத்துல பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரி. எல்லாமே அடங்கின நிறம். சாம்பல், தூசி நீலம், காய்ஞ்ச இலைப் பச்சை. அவ்வளவு பொறுமையா யாரும் கலந்திருக்க மாட்டாங்க. வாத்தியார் ரொம்ப நேரம் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கும்மா. ஆனா இதுல யாரைப் பார்க்கணும்னுதான் தெரியல"ன்னார். நான் அழல. வீட்டுக்கு வந்து அந்தத் துணியைக் கிளிக்குத் தரை துடைக்கக் குடுத்துட்டேன். அன்னைக்கே எனக்குத் தெளிவாயிடுச்சு. யாரைப் பார்க்கணுமோ அவ முன்னறையில இருக்கா. நான் அவளைச் சுத்தி இருக்கிற சாம்பல். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, சத்தியமா.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி. வேற ஊர்ல குழந்தைங்களுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி. அங்க ஒரு நீளச் சுவர், இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். அடுத்த வருஷம் வந்து வரைஞ்சு குடுங்க, வேலை முடிய ஒரு வருஷம் ஆகும், தங்க இடம் தர்றோம்னு எழுதியிருந்தாங்க. அதே சமயத்துல படத்துக்கு ஃப்ரேம் போடுற மனுஷன் ஒருத்தர் வீட்டுக்கு வந்து போயிட்டிருந்தார். முதல்ல ஃப்ரேமோட வருவார். அப்புறம் ஃப்ரேம் இல்லாமலும் வர ஆரம்பிச்சார். பளீர்னு மஞ்சள் சட்டை, வாரத்துல நாலு நாள் அதே சட்டை. அவரும் கூட வர்றேன்னார், அங்கயே கல்யாணம் பண்ணிக்கலாம்னார். கிளி கடிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு அறை முழுக்கச் சுத்தினா. பிரஷ்ல இருந்து நீலம் தரையெல்லாம் சொட்டுச்சு. சுத்தி முடிச்சுட்டு, "நீ தனியா இருந்துப்பல்ல அக்கா?"ன்னா. குழாயை மூடிட்டியான்னு கேட்கிற மாதிரி கேட்டா.

"எனக்கென்ன"ன்னேன்.

பயந்துட்டேன் டாக்டர். வெளிப்படையாவே சொல்றேன். சிவப்பு பக்கத்துல இருக்கிற வரைக்கும்தான் சாம்பலுக்கு மரியாதை. அப்பத்தான் அதை 'என்ன பதமான நிறம்'னு சொல்வாங்க. சிவப்பை எடுத்துட்டா அது வெறும் அழுக்கு. நாற்பத்தாறு வயசுல நான் வெறும் அழுக்கா உட்கார்ந்திருக்கணுமா, நீங்களே சொல்லுங்க.

அந்த ஞாயித்துக்கிழமை சிவப்பு டப்பாவுல ஒரு சொட்டுப் பச்சை விட்டேன். ஒரே சொட்டு. டப்பா என்னவோ இந்த உயரம். கலக்கினதும் பச்சை இருந்த இடமே தெரியல. அவளும் கவனிக்கல. அடுத்த வாரம் நீலத்துக்கு, அதுக்கடுத்த வாரம் மஞ்சளுக்கு. திரும்பச் சிவப்புக்கு, இந்தத் தடவை ரெண்டு சொட்டு. அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும்னு சும்மாவா சொன்னாங்க. அவசரப்பட்டா மாட்டிக்குவோம். எனக்கு எப்பவும் அவசரம் கிடையாது.

அலமாரிக் கதவு ஞாபகம் வந்துச்சு. பழைய பொட்டு பளிச்சுன்னு இருந்து புதுப் பொட்டு மங்கலா இருந்தா, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சுடும். அதனால பழைய பொட்டு ஒவ்வொண்ணு மேலயும் மங்கின நிறத்தைப் பூசினேன். அவ கடைக்குப் போற நேரத்துல நாலு பொட்டு, குளிக்கப் போற நேரத்துல ரெண்டு. அதுவரைக்கும் சேர்ந்த பதினோரு வருஷத்தையும் மங்க வைக்க ஒன்றரை மாசம் ஆச்சு. அவ்வளவு நேர்த்தியான வேலையை என் வாழ்க்கையிலேயே நான் செஞ்சதில்ல. யார்கிட்டயும் காட்ட முடியலையேன்னு அன்னைக்குக் கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு. இன்னைக்கு உங்ககிட்ட சொன்னதுல அதுவும் தீர்ந்துது.

ஆனா சாயம் மட்டும் மங்கினா போதாது பாருங்க. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா உலகம் பளிச்சுன்னு நிக்குமே. அதுக்கு அவ மூக்குக்கண்ணாடி. பன்னெண்டு வயசுல போட்டது, கட்டித் தடிமன். கழட்டினா அவளுக்கு எல்லாமே ஈரத்துல கரைஞ்ச படம்தான், அதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. அந்தக் கண்ணாடியை தினமும் காலையில நான்தான் துடைச்சுக் குடுப்பேன், சின்னதுல இருந்தே. படத்து மேல பூசுற வார்னிஷை டர்பன்டைன்ல நீர்க்கக் கரைச்சு, அதுல ஒரு கடுகளவு பழுப்பு. துடைக்கிற துணியில அதை லேசாத் தொட்டுக்குவேன். ஒரு நாள் துடைச்சா ஒண்ணும் தெரியாது. ஒரு வருஷம் துடைச்சா உலகம் கொஞ்சம் வயசான மாதிரி ஆயிடும்.

கண்ணாடிக் கடைக்குப் போற நாள்ல மட்டும் சுத்தமாக் கழுவிக் குடுத்துடுவேன். கடைக்காரர் பார்த்துட்டு, "பவர் அப்படியேதான் இருக்கு, கண்ணாடியும் நல்லா இருக்கு"ன்னு அனுப்பிடுவார். அந்த நாள் திரும்பி வரும்போது கிளி என் கையை இறுக்கிப் பிடிச்சுக்குவா. "அக்கா, இன்னைக்கு எல்லாம் நல்லாத் தெரியுதுக்கா. அந்தப் பஸ்ஸைப் பாரேன், எவ்வளவு சிவப்பா இருக்கு." நான் சொல்வேன், "இதெல்லாம் வந்து வந்து போகும்மா. ரொம்ப நம்பிடாத." மறுநாள் காலையில கொஞ்சம் தாராளமாவே தொட்டுத் துடைச்சுக் குடுப்பேன். போயிடும்.

மத்ததெல்லாம் சில்லறை வேலை. முன்னறை பல்பை மாத்தினேன். திரையை மாத்தினேன். பழம் வாங்கினா தோல்ல புள்ளி விழுந்த வாழைப்பழமாப் பார்த்து வாங்கினேன். பழக்கடைக்காரர் என்னை ரொம்ப ஏழைன்னு நினைச்சு ஒரு நாள் நல்ல சீப்பா ஒண்ணு இலவசமாக் குடுத்துட்டார். அந்த மஞ்சளை வீட்டுக்குள்ள எப்படிக் கொண்டு வர்றது? தெருமுனையில நின்னு முழுச் சீப்பையும் நானே சாப்பிட்டேன். ரெண்டு நாள் வயிறு சரியில்ல. நானும் கஷ்டப்படாம இல்ல டாக்டர்.

ஆறேழு மாசத்துல அவ கேட்க ஆரம்பிச்சா. தட்டுல சாயத்தைப் பிதுக்கி வெச்சுக்கிட்டு, "அக்கா, இங்க வாயேன். இது சிவப்பா?" நான் குனிஞ்சு பார்ப்பேன். "நல்ல சிவப்புதானே கண்ணு. போன வாரத்தைவிட இந்த டப்பா கொஞ்சம் தூக்கலாவே இருக்கு." அவ தலையை ஆட்டுவா. திரும்ப அதையே உத்துப் பார்ப்பா. நான் சொன்னது பொய்யான்னு யோசிச்சுப் பார்த்தேன். அதுல சிவப்பு இருந்துச்சே. பாதிக்கு மேல சிவப்புதான்.

கூத்து என்னன்னா, அந்தப் படத்தையெல்லாம் கண்காட்சியில வெச்சப்போ எல்லாரும் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க. "என்ன ஒரு முதிர்ச்சி"ன்னாங்க. "அடக்கம் வந்துடுச்சு உங்க கைக்கு"ன்னாங்க. நான் மூலையில நின்னு ஜூஸ் குடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டேன். என் வாத்தியார் உயிரோட இருந்திருந்தா கூட்டிட்டு வந்து காட்டியிருப்பேன். கிளி மட்டும் யார்கிட்டயும் பேசல. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதா. குழாய் சத்தத்துல கேட்காதுன்னு நினைப்பு. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டா, என்னால வர முடியாது, கண்ணுல நிறம் தெரியாதவ குழந்தைங்களுக்கு என்னத்தை வரையறதுன்னு. தபால் பெட்டிக்கு நான்தான் கொண்டு போனேன்.

ஃப்ரேம்காரருக்கும் அதே வைத்தியம்தான். மனுஷனைத் திட்டி அனுப்புறது கறுப்பு விடுற மாதிரி, எனக்குப் பிடிக்காது. "கிளிக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். எதை ரிப்பேர் பண்றவங்களையும் அவளுக்குப் பிடிக்கும்"னேன் அவர்கிட்ட. கிளிகிட்ட, "தங்கமான மனுஷன். கோபம் வந்தா மட்டும்தான்…"ன்னு சொல்லி, அடுப்பைப் பார்க்கப் போயிட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் நல்லதுதான் சொன்னேன். ஒரு சொட்டு, அவ்வளவுதான். வாரத்துல நாலு நாள் வந்தவர் ரெண்டு நாள் வந்தார். அப்புறம் கதவு, ஜன்னல் ஏதாவது உடைஞ்சா வந்தார்.

போன வருஷத்துல இருந்து அவ தனியா ரோட்டைக் கடக்கிறதில்ல. சிக்னல் எந்த நிறம்னு சந்தேகமா இருக்காம். சிவப்பு உடுப்பையெல்லாம் தானம் குடுத்துட்டா. நான் ஒரு சாம்பல் சால்வை வாங்கிக் குடுத்தேன், இன்னைக்குக்கூட அதைப் போத்திக்கிட்டுத்தான் வந்திருக்கா. அப்புறம் ஒரு நாள் பின்னறையில இருந்து எட்டிப் பார்க்கிறேன், கண்ணைத் துணியால கட்டிக்கிட்டுக் கையை நீட்டி நடந்துக்கிட்டிருக்கா. "என்னடி இது?"ன்னேன். "முழுசாப் போறதுக்குள்ள வீட்டைப் பழகிக்கிறேன்கா. அப்புறம் உனக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுல்ல"ன்னா. நாற்காலியில இருந்து சமையலறைக்குப் பதினொரு அடி. எண்ணி எண்ணி நடந்தா. விழுந்துடுவாளேன்னு வழியில இருந்த முக்காலியை நான்தான் நகர்த்தி வெச்சேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல.

ஒரு வாரத்துல நல்லாப் பழகிட்டா. பதினொரு அடி, ஒரு இடிகூட இல்லாம. நான் பின்னறையில சும்மா உட்கார்ந்திருந்தேன். அதனால முக்காலியைத் திரும்ப உள்ளே நகர்த்தினேன், ஒரு சாண் மட்டும். மோதினா. பெரிய அடி இல்ல, முழங்கால் கொஞ்சம் சிராய்ச்சுது. "அக்கா"ன்னு கூப்பிட்டா பாருங்க. சின்ன வயசுல இருட்டுக்குப் பயந்து கூப்பிடுவாளே, அந்தக் குரல். ஓடிப் போய்த் தூக்கினேன். எத்தனை வருஷமாச்சு டாக்டர் அந்தக் குரலைக் கேட்டு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

எழுதுறதை ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்க, பரவால்ல.

சில்லு விஷயத்துக்கு வர்றேன். யானைக்கும் அடி சறுக்கும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அலமாரிக் கதவோட கீல் தளர்ந்து போச்சுன்னு ஃப்ரேம்காரர் பெரிய கீலா மாத்திப் போட்டார். அந்தப் பித்தளைத் தகடு ஒரு சிவப்புப் பொட்டோட ஓரத்தை மூடிடுச்சு. நான் எல்லாப் பொட்டையும் மங்க வெச்சப்போ தகட்டுக்கு வெளியே தெரிஞ்சதுலதான் பூசினேன், அடியில இருக்கிறதை மறந்துட்டேன். போன வாரம் கீல் திரும்பத் தளர்ந்து, கிளி அவரை வரச் சொல்லியிருக்கா. நான் கடைக்குப் போயிருந்தேன். திருகைக் கழட்டினதும் மனுஷன் பார்த்திருப்பார், அஞ்சு வருஷமா வெளிச்சம் படாத சிவப்பு. சும்மா இருப்பாரா? செதுக்கி எடுத்து உங்ககிட்ட கொண்டு வந்து குடுத்துட்டார். அவர் வேலைதான் இது, எனக்குத் தெரியும். மஞ்சள் சட்டைக்காரங்களை நம்பவே கூடாது.

ஆஸ்பத்திரியில இருந்து திரும்ப எழுதியிருக்காங்க, அது உங்களுக்குத் தெரியுமா? அந்தச் சுவர் இன்னும் காலியாவே இருக்காம். வேற யார் வரைஞ்சாலும் பிடிக்கலையாம். இந்த வாரத்துக்குள்ள பதில் வேணுமாம். அதான் உங்ககிட்ட காட்டணும்னு கிளி ஒரே பிடிவாதம். கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்கா, இல்லைன்னா விட்டுடறேன்னா. காலையில கண்ணாடியைக் கழுவிக் குடுக்கலாம்னு கேட்டேன், குடுக்கல. "அப்படியே இருக்கட்டும்கா"ன்னா. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். உங்க அறையில இருந்து கண்ணை மூடிக்கிட்டு வெளியே வந்தவ என் தோளைத் தடவிப் பிடிச்சு, "எல்லாம் மங்கிடுச்சுக்கா, முடிஞ்சுதா?"ன்னா. மருந்து விட்டதால வந்த மங்கல்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. கையை மட்டும் பிடிச்சுக்கிட்டேன்.

ஆக, செஞ்சது நான்தான். சாயம், கதவு, கண்ணாடி, பல்பு, முக்காலி, எல்லாம். அவ கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல, உங்களைவிட எனக்கு அது நல்லாத் தெரியும். இப்ப நீங்கதான் எனக்கு ஒரு உதவி பண்ணணும். இன்னைக்கே அவகிட்ட சொல்லிடாதீங்க. இன்னும் ஒரு வாரத்துக்கு அந்தச் சொட்டு மருந்தை எழுதிக் குடுங்க, வீட்டுல நான் பார்த்துப் போட்டுக்கிறேன். வாரம் போயிட்டா அந்தச் சுவரை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. அப்புறம் நானே மெல்ல மெல்ல எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடறேன். கண்ணாடியைக் கழுவிடறேன், டப்பாவையும் மாத்திடறேன். அவ வரையட்டும், நல்லாக் கத்தட்டும், நம்ம வீட்டுக்குள்ளயே கத்தட்டும். நான் கேட்கிறது கறுப்பு இல்ல டாக்டர். ஒரே ஒரு சொட்டு.

என்ன?

மருந்தே விடலையா இன்னைக்கு?

அப்போ கண்ணை மூடிக்கிட்டு என் தோளைத் தடவினாளே. திங்கக்கிழமையே வந்தாளா, தனியாவா? கண்ணாடியில்லாம, ரோட்டைக் கடந்து? சில்லைக் கொண்டு வந்ததும் அவளா? ஓ. கிட்டத்துல பார்க்கக் கண்ணாடியைக் கழட்டியிருப்பா. கிட்டப்பார்வைக்காரங்க அப்படித்தானே பண்ணுவாங்க, சின்னச் சாமானைப் பார்க்கும்போது. மூக்குக்கு நேரா வெச்சுப் பார்த்திருப்பா. இத்தனையும் யோசிச்சேன், அதை யோசிக்கல பாருங்க.

அப்போ இவ்வளவு நேரம் எதுக்கு என்னைப் பேச விட்டீங்க?

'எங்க அக்காகிட்ட கேளுங்க, கேட்டாச் சொல்லிடுவா, அவ பொய் சொல்ல மாட்டா'ன்னாளா. அப்படியேவா சொன்னா? சரி. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் பொய் சொல்றதில்ல.

வாங்க நர்ஸம்மா, கதவு திறந்துதான் இருக்கு. கிளம்பிட்டாளா. எப்போ? இப்பத்தானா. சால்வையை நாற்காலியிலேயே விட்டுட்டுப் போயிட்டாளா. குடுங்க, நான் மடிச்சு வெச்சுக்கிறேன். உள்ளே சிவப்புச் சட்டை போட்டிருந்தாளா, பளிச்சுன்னு? அவகிட்ட சிவப்புச் சட்டை ஏது, எல்லாம் எப்பவோ தானம் போயிடுச்சே. திங்கக்கிழமைதான் வாங்கியிருக்கணும். மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போனாரா. ஆமா, அவர்தான். கீலை மாத்துறவர்.

கண்ணாடியும் குடுத்துட்டுப் போனாளா எனக்கு? புதுசு போட்டுக்கிட்டாளாமா. 'ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்க'ன்னு சொன்னாளா. குறும்புக்காரி. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

இருங்க, துடைச்சுக்கிறேன். பழக்கம் பாருங்க, கை தானாத் துணியை எடுக்குது.

போட்டுட்டேன். பவர் எனக்கு ஒத்துக்கல, ஓரமெல்லாம் கொஞ்சம் கரையுது. ஆனா உங்க சுவர் டாக்டர், இப்பத்தான் சரியா இருக்கு. எவ்வளவு பதமா அடங்கிப் பின்னால போயிடுச்சு. ஜன்னல்கிட்ட வந்து பாருங்க, தெருவும் அப்படித்தான் இருக்கு. பஸ், குடை, பழக்கடை, நடந்து போற சனம், எதுவும் கத்தல. அந்த மஞ்சள் சட்டைகூடக் கண்ணை உறுத்தல. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுது. நான் மூணு வருஷமாப் பண்ணினது இதைத்தான், ஒண்ணும் கெட்டுப்போகலையே.

இப்பத்தானே இறங்கிப் போனாங்க, தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க டாக்டர். இதுல எங்க கிளி எதுன்னு மட்டும் எனக்குத் தெரியல.